கொடுக்கல் வாங்கலில் நாணயம்: யூத அறமும் வியாபாரமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூத மரபின் விழுமியங்களைத் தொழில் வாழ்க்கைக்குள் கொண்டுவருவது எப்படி என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பிரார்த்தனை, தியானம், உயர்ந்த நோக்கம் என்றே பேச்சைத் தொடங்குகிறார்கள். நான் தராசிலிருந்தும் கூலியிலிருந்தும் தொடங்குவேன். பல வருடங்களாக இந்த நூல்களைப் படித்ததில் எனக்குப் பிடிபட்டது, அந்த ஆன்மிகம் முழுக்க இப்படிப்பட்ட சின்னக் காரியங்களில்தான் குடியிருக்கிறது என்பது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

தொழில் வேறு, ஆன்மிகம் வேறு இல்லையா?

யூத மரபு அப்படிப் பிரிப்பதில்லை. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த ராவா என்ற அறிஞரின் கூற்று ஒன்று, யூத அறிஞர்களின் விவாதத் தொகுப்பான தல்மூத்தில் இருக்கிறது. மனிதன் இறந்தபின் தீர்ப்புக்கு நிறுத்தப்படும்போது அவனிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "கொடுக்கல் வாங்கலில் நாணயமாக நடந்தாயா?" என்பதுதானாம். யூத வேதமான தோராவைப் படிக்க நேரம் ஒதுக்கினாயா என்பது அதற்கு அடுத்துத்தான் வருகிறது. ராவா வாழ்ந்த மஹோசா, டைக்ரிஸ் நதிக்கரையில் இருந்த வணிக ஊர். சந்தை இரைச்சலைத் தினமும் கேட்டவர் சொன்ன வார்த்தை இது.

வியாபாரத்துக்கு எபிரேயத்தில் வழங்கும் சொற்றொடரும் நேராக "எடுத்தலும் கொடுத்தலும்" என்றே பொருள்படும், நம் கொடுக்கல் வாங்கலைப் போலவே. ராவாவின் கேள்வியில் நேர்மையைக் குறிக்கும் சொல் எமுனா. கடவுள்மேல் வைக்கும் நம்பிக்கைக்கும் அதே சொல்தான். தமிழில் நாணயம் என்ற ஒரே சொல் காசையும் நேர்மையையும் குறிப்பதை நினைத்தால், இந்த இடம் எனக்கு ரொம்பவும் நெருக்கமாகிவிடுகிறது.

இந்த விதிகளெல்லாம் எங்கே இருக்கின்றன?

மூலம் தோரா, அதாவது பைபிளின் முதல் ஐந்து நூல்கள். அதன் வாய்மொழி விளக்கங்களின் தொகுப்பான மிஷ்னா கி.பி. 200 வாக்கில் உருவானது. அதன்மேல் எழுந்த விவாதங்கள் தல்மூத். தல்மூத்தில் முதல் வாசல், நடு வாசல், கடைசி வாசல் என்று மூன்று பெரிய பகுதிகள் இழப்பீடு, கூலி, கடன், விற்பனை, பங்காளி, அண்டைவீட்டுக்காரர் என்று பொருளியல் வாழ்க்கையையே பேசுகின்றன. பிற்காலத்தில் யூத அறிஞர்களான மைமோனிடஸும் (1138–1204) பதினாறாம் நூற்றாண்டில் யோசேப் காரோவும் இவற்றைச் சட்டத் தொகுப்புகளாக ஒழுங்குபடுத்தினார்கள்.

எடைக்கல், படி என்று இவ்வளவு சின்ன விஷயங்களிலா மதம் தலையிடுகிறது?

ஆமாம். எனக்கு இந்த மரபின் மேல் மதிப்பு வந்ததே இந்த இடத்தில்தான்.

"சரியான தராசு, சரியான எடைக்கல் உங்களிடம் இருக்கட்டும்" என்கிறது தோராவின் ஒரு நூலான லேவியராகமம். மிஷ்னா அதைக் கடைக்குள் கொண்டுபோகிறது. சில்லறைக் கடைக்காரர் தம் அளவைப் பாத்திரங்களை வாரம் இரண்டு முறை சுத்தம் செய்ய வேண்டும். எடைக்கற்களை வாரம் ஒரு முறை துடைக்க வேண்டும். தராசுத் தட்டை ஒவ்வொரு முறை நிறுத்தபின்பும் துடைக்க வேண்டும். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். எண்ணெய் அளந்த பாத்திரத்தின் உள்சுவரில் பிசுக்கு ஒட்டிக்கொண்டே வந்தால், அடுத்து வாங்குகிறவருக்கு அந்த அளவு எண்ணெய் குறைகிறது. யாரும் திட்டமிட்டுத் திருடவில்லை, துடைக்காமல் விட்டதே குறையாக முடிகிறது.

தல்மூத் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தேய்ந்துபோகும் உலோகத்தில் எடைக்கல் செய்யாதே, கெட்டியான கல்லிலோ கண்ணாடியிலோ செய். எடைக்கல்லை உப்புக்குள் புதைத்து வைக்காதே, அதன் எடை மாறிவிடும். தலைதட்டி அளக்கும் ஊரில் கும்பாச்சியாக அளக்காதே, கும்பாச்சியாக அளக்கும் ஊரில் தலைதட்டாதே. அதற்கேற்ப விலையைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறேன் என்று சொன்னாலும் கூடாது, ஏனென்றால் ஊர் வழக்கம் தெரிந்த மூன்றாவது ஆள் ஏமாந்துபோவான். சில ஊர்களில் நிறுக்கும்போது பொருள் இருக்கும் தட்டு ஒரு கையகலம் தாழ வேண்டும். நம் கடைகளில் கொடுக்கும் கொசுறு அங்கே வாங்குபவரின் உரிமை.

இந்தத் தந்திரங்களை எல்லாம் வெளிப்படையாகப் பேசிய யோகனான் பென் சக்காய் என்ற அறிஞர், "சொன்னாலும் எனக்குக் கேடு, சொல்லாவிட்டாலும் கேடு" என்று தவித்தாராம். சொன்னால் ஏமாற்றுக்காரர்கள் கற்றுக்கொள்வார்கள். சொல்லாவிட்டால், இந்த அறிஞர்களுக்கு நம் வேலை ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொள்வார்கள். கடைசியில் அவர் சொல்லிவிட்டார்.

லாபத்துக்கு உச்சவரம்பு உண்டா?

லாபம் பாவம் இல்லை. ஆனால் சந்தை விலைக்கு மேல் விற்பதும், விவரம் தெரியாத விற்பனையாளரிடம் அதற்குக் கீழே வாங்குவதும் ஓனா, அதாவது வஞ்சித்தல். கணக்கு இப்படி: ஆறில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கியிருந்தால் அந்தக் கூடுதலைத் திருப்பித் தர வேண்டும். ஆறில் ஒன்றுக்கு மேல் போனால் விற்பனையையே ரத்து செய்யலாம். அதற்குக் கீழே என்றால் வாங்கியவர் விட்டுக்கொடுத்ததாக எடுத்துக்கொள்ளப்படும். வாங்கியவருக்குக் கெடு, பொருளை வேறு வியாபாரியிடமோ உறவினரிடமோ காட்டி விசாரிக்க ஆகும் நேரம்.

இதையொட்டி மிஷ்னாவில் லோத் நகரத்துச் சம்பவம் ஒன்று வருகிறது. அங்கே ரப்பி (யூத மத ஆசான்) தர்ஃபோன், மூன்றில் ஒரு பங்கு வரை போனால்தான் வஞ்சம் என்று தீர்ப்புச் சொன்னார். வியாபாரிகளுக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் அவர், "ஆனால் வாங்கியவர் நாள் முழுக்கப் பொருளைத் திருப்பித் தரலாம்" என்றார். உடனே வியாபாரிகள், "ஐயா, எங்களைப் பழைய நிலைமையிலேயே விட்டுவிடுங்கள்" என்று சொல்லி ஆறில் ஒன்றுக்கே திரும்பிவிட்டார்கள். நீண்ட கெடு எவ்வளவு வலிமையானது என்பது வியாபாரிகளுக்குத்தான் தெரியும்.

பொய்யே சொல்லாமல் ஏமாற்றினால்?

அதற்குத் தனிப் பெயர் உண்டு: கெனேவத் தாஅத், அறிவைத் திருடுதல். ஒருவர் மனதில் தவறான எண்ணத்தை உண்டாக்கிவிட்டு, நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லையே என்று தப்பிக்க முடியாது. இதற்குப் பக்கத்திலேயே வருவது, "குருடன் முன்னால் தடைக்கல் வைக்காதே" என்ற லேவியராகமக் கட்டளை. தனக்கு ஆதாயம் தரும் ஆலோசனையை எதிராளியின் நன்மைக்குச் சொல்வதுபோலச் சொல்லாதே என்று அதற்கு உரைகாரர்கள் பொருள் கண்டார்கள். கமிஷனுக்காகத் திட்டம் விற்பவர்கள் படிக்க வேண்டிய வரி.

வாங்குபவருக்கும் கடமை உண்டு. வாங்கும் எண்ணமே இல்லாமல் "இது என்ன விலை?" என்று கேட்கக் கூடாது என்கிறது மிஷ்னா. கடைக்காரர் மனதில் ஆசையைக் கிளப்பிவிட்டு நகர்ந்துபோவதும் ஒருவகை வஞ்சம். முதல்முறை இதைப் படித்தபோது, கடைத்தெருவில் நான் பொழுதுபோக்காக விலை கேட்டுத் திரிந்த மாலைகள் ஞாபகத்துக்கு வந்தன.

கையெழுத்துப் போடாத பேச்சுக்கு மதிப்பு இருக்கிறதா?

ராவ் சஃப்ரா என்ற அறிஞரின் கதையைச் சொல்கிறேன். அவரிடம் ஒரு பொருள் விற்பனைக்கு இருந்தது. வாங்க வந்தவர் ஒரு விலை சொன்னார். அந்த நேரம் சஃப்ரா ஷெமா என்னும் பிரார்த்தனையில் இருந்ததால் பதில் சொல்லவில்லை. விலை பத்தவில்லை போலும் என்று நினைத்து வந்தவர் ஏற்றிச் சொன்னார். பிரார்த்தனை முடிந்ததும் சஃப்ரா, "முதலில் சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதே என் மனதில் சரி என்று முடிவு செய்துவிட்டேன்" என்றார். பைபிளின் பாடல் தொகுப்பான சங்கீதத்தில் 15-ஆம் பாடல் கூறும் "தன் இருதயத்தில் சத்தியம் பேசுகிறவன்" என்பதற்கு உதாரணமாக அவரைக் காட்டுகிறார்கள். எல்லாரிடமும் சட்டம் இவ்வளவு எதிர்பார்ப்பதில்லை. ஆனால் உச்சி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

இந்தப் பழக்கத்தின் ஒரு கீற்றை வைரச் சந்தையில் இன்றும் பார்க்கலாம். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப், நியூயார்க், இஸ்ரேலின் ராமத் கான் சந்தைகளில் பேரம் முடிந்ததும் இருவரும் கைகொடுத்து "மஸல்" என்கிறார்கள். "நல்ல யோகமும் ஆசியும்" என்ற வாழ்த்தின் சுருக்கம் அது. அந்தச் சொல் விழுந்தால் வியாபாரம் முடிந்தது, பின்வாங்க முடியாது. ஆண்ட்வெர்ப்பில் இன்று பெரிய பங்கு வகிக்கும் குஜராத்தி ஜைன வியாபாரிகளும் அதே "மஸல்" சொல்லித்தான் முடிக்கிறார்கள்.

தொழிலாளிக்கு முதலாளி என்ன கடமைப்பட்டிருக்கிறார்?

முதலில் கூலியை நேரத்துக்குக் கொடுப்பது. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக் கூடாது என்கிறது லேவியராகமம். அவன் ஏழை, அந்தக் கூலியை நம்பியே உயிர் வைத்திருக்கிறான், சூரியன் மறையும் முன் கொடு என்கிறது தோராவின் இன்னொரு நூலான உபாகமம். "இவன் ஏன் உயரத்தில் ஏறினான்? ஏன் மரத்தில் தொங்கினான்? கூலிக்காகத்தானே உயிரைப் பணயம் வைத்தான்?" என்று கேட்கிறது தல்மூத். வாரக் கூலிக்கும் மாதச் சம்பளத்துக்கும் இதே கணக்கில் கெடு வகுத்திருக்கிறார்கள்.

அடுத்தது, சட்டத்தின் கோட்டுக்கு உள்ளேயே நின்றுவிடாமல் இருப்பது. ரப்பா என்ற அறிஞர் ஒருவரிடம் வேலை செய்த சுமைதூக்கிகள் திராட்சை ரசப் பீப்பாய் ஒன்றை உடைத்துவிட்டார்கள். நஷ்டத்துக்கு ஈடாக அவர் அவர்களுடைய மேலாடைகளைப் பறித்துக்கொண்டார். அவர்கள் ராவ் என்ற மூத்த அறிஞரிடம் போனார்கள். "ஆடையைத் திருப்பிக் கொடு" என்றார் ராவ். "இதுதான் சட்டமா?" என்று கேட்டார் ரப்பா. "ஆமாம், நல்லோர் வழியில் நட என்று எழுதியிருக்கிறதே." ஆடை கைக்கு வந்ததும் சுமைதூக்கிகள், "நாங்கள் ஏழைகள், நாள் முழுக்க உழைத்தோம், பசிக்கிறது, கையில் ஒன்றுமில்லை" என்றார்கள். "போ, கூலியையும் கொடு" என்றார் ராவ். "இதுவும் சட்டமா?" "ஆமாம், நேர்மையாளரின் பாதையைக் காத்துக்கொள் என்றும் எழுதியிருக்கிறது." ரப்பா கேட்பது நியாயமான கேள்வி, எந்தக் கணக்காளரும் கேட்பார். ராவ் இரண்டு முறையும் அதற்குச் சட்டம் என்றே பதில் சொல்வதுதான் என்னை உலுக்குகிறது. தானம் செய், தாராளமாக இரு என்று அவர் சொல்லவில்லை.

நம் காலத்திலும் ஒரு ஆள் இதைச் செய்து காட்டினார். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து மால்டன் மில்ஸ் என்ற துணி ஆலையின் உரிமையாளர் ஆரன் ஃபியர்ஸ்டீன், மரபு வழுவாத யூதர். 1995 டிசம்பர் 11 அன்று அவருடைய எழுபதாவது பிறந்தநாள் கொண்டாட்டம். அன்றிரவே ஆலையில் தீப்பிடித்தது. காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம், அல்லது கூலி மலிவான நாட்டில் ஆலை கட்டியிருக்கலாம். சில நாளில் தொழிலாளர்களை ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டி, அதே ஊரில் ஆலையைக் கட்டுவேன், ஒரு மாதம் முழுச் சம்பளம் உண்டு என்று அறிவித்தார். பிறகு அது 90 நாள்வரை நீண்டது. ஆள் இல்லாத இடத்தில் நீ ஆளாக நிற்க முயற்சி செய் என்ற, பழங்கால யூத அறிஞர் ஹில்லெலின் வாக்கைத் தம் வழிகாட்டியாகச் சொல்வார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மீதியையும் சொல்ல வேண்டும். கடன் சுமையில் ஆலை 2001-இல் திவால் மனு போட்டது. நிர்வாகம் அவர் கையைவிட்டுப் போனது. 2021-இல் தம் 95-ஆவது வயதில் இறந்தார். அறமாக நடந்தால் லாபம் தானே வரும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். கூலிக் கட்டளையை எழுதியவர்கள் அப்படி வாக்குறுதி கொடுக்கவில்லை. செய்தது சரியா என்பதுதான் அவர்கள் கேள்வி, ஃபியர்ஸ்டீன் செய்தது சரி.

தொழிலாளிக்குக் கடமை இல்லையா?

உண்டு. அப்பா ஹில்கியா என்ற பக்தரை மழைக்காகப் பிரார்த்திக்கச் சொல்லி அறிஞர்கள் தேடி வந்தார்கள். அவர் வயலில் கொத்திக்கொண்டிருந்தார். வணக்கம் சொன்னார்கள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு நாள்கூலிக்கு வேலை, முதலாளியின் நேரத்தில் கை ஓயக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். மரத்தின்மேல் வேலை செய்பவர் இறங்காமல் அங்கிருந்தே ஷெமா சொல்லிக்கொள்ளலாம் என்று மிஷ்னாவும் அனுமதிக்கிறது.

சனிக்கிழமை கடையை மூடினால் நஷ்டம் இல்லையா?

நஷ்டம்தான். வெள்ளி சூரிய அஸ்தமனம் முதல் சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை ஷபாத் என்னும் ஓய்வுநாள். விற்பதும் வாங்குவதும் மட்டும் இல்லை, பணத்தைத் தொடுவதும் வியாபாரப் பேச்சும் கூடாது. நியூயார்க்கில் கேமரா வாங்கப் போனவர்களுக்கு பி அண்ட் எச் கடையைத் தெரிந்திருக்கும். வாரக்கடைசி வியாபாரம் சூடாக இருக்கும் நகரத்தில் அது சனிக்கிழமை மூடியிருக்கும். அதன் இணையதளத்தில் அந்த நேரம் பொருள்களைப் பார்க்கலாம், ஆர்டர் போட முடியாது. கம்ப்யூட்டர் தானாகச் செய்யும் வேலைதானே என்று விட்டுவிடலாம், விடவில்லை.

கட்டளையில் உள்ள பட்டியலையும் கவனியுங்கள். நீ, உன் பிள்ளைகள், உன் வேலைக்காரர்கள், உன் கால்நடை, உன் ஊரில் தங்கியிருக்கும் அந்நியர் என்று எல்லாருக்கும் ஓய்வு. முதலாளி மட்டும் ஓய்வெடுத்துக்கொண்டு வேலையாளுக்கு வாட்ஸ்அப்பில் வேலை அனுப்பினால் அது ஷபாத் ஆகாது.

வட்டி வாங்கக் கூடாது என்கிறார்கள். வங்கி எப்படி நடக்கிறது?

யூதர் யூதரிடம் வட்டி வாங்குவதைத் தோரா தடுக்கிறது. பிற்காலத்தில் போலந்து ரப்பிகள் ஹெத்தெர் இஸ்கா என்ற பத்திரத்தை வகுத்தார்கள். அதில் பணம் கொடுப்பவர் கடன் கொடுத்தவராக இல்லாமல் முதலீட்டுப் பங்காளி ஆகிறார், வட்டிக்குப் பதில் லாபத்தில் பங்கு. இஸ்ரேலிய வங்கிகள் இன்றும் இதை வைத்திருக்கின்றன.

இதைவிட என்னைக் கவர்வது வட்டியில்லாக் கடன் சங்கங்கள். நியூயார்க்கில் 1892-இல் தொடங்கிய ஹீப்ரூ ஃப்ரீ லோன் சொசைட்டி இன்றும் வட்டியில்லாமல் கடன் கொடுத்துவருகிறது.

கடனைப் பற்றி ஹில்லெல் செய்த சீர்திருத்தம் ஒன்றும் இங்கே சொல்ல வேண்டியது. ஏழாம் வருடம் கடன்கள் ரத்தாக வேண்டும் என்பது விதி. அந்த வருடம் நெருங்கினால் பணக்காரர்கள் ஏழைகளுக்குக் கடனே கொடுக்காமல் இருந்தார்கள். ஹில்லெல், கடனை நீதிமன்றத்திடம் ஒப்படைத்து வசூலிக்கும் புரொஸ்புல் என்ற ஏற்பாட்டைச் செய்தார். ஏழைக்குக் கடன் கிடைக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

தர்மத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது?

வழக்கம், வருமானத்தில் பத்தில் ஒன்று. தாராளமாகக் கொடுப்பவரும் ஐந்தில் ஒன்றைத் தாண்ட வேண்டாம் என்று அறிஞர்கள் எல்லை போட்டார்கள், கொடுத்துவிட்டுத் தானே கையேந்தக் கூடாது என்பதற்காக. இதற்குச் சொல் செடாக்கா. நீதி என்பதிலிருந்து பிறந்த சொல்.

மைமோனிடஸ் தர்மத்தை எட்டுப் படிகளாக வரிசைப்படுத்தினார். உச்சப்படி, ஒருவர் விழும் முன்பே அன்பளிப்பு, கடன், தொழிலில் கூட்டு, வேலை என்று ஏதாவது கொடுத்து அவர் யாரிடமும் கேட்க வேண்டாதபடி நிறுத்துவது. இதை எழுதியவர் வணிகத்தின் அருமையைச் சொந்த வாழ்க்கையில் அறிந்தவர். ரத்தின வியாபாரியான தம்பி தாவீதுதான் குடும்பத்தைத் தாங்கினார். இந்தியாவை நோக்கிக் கப்பலேறிய அந்தத் தம்பி, தம் பணமும் அண்ணன் பணமும் பிறர் பணமுமாக இந்தியப் பெருங்கடலில் மூழ்கிப்போனார். மைமோனிடஸ் ஏறக்குறைய ஒரு வருடம் படுக்கையில் கிடந்தார். அதற்குப் பின்னர்தான் மருத்துவத் தொழிலைப் பிழைப்பாக்கிக்கொண்டார்.

யூதர் அல்லாதவரிடமும் இதே நேர்மையா?

திருட்டும் அறிவைத் திருடுதலும் யாரிடமும் கூடாது. வட்டி விதி மட்டும் வேறு, அந்நியரிடம் வாங்கலாம் என்று உபாகமம் அனுமதிக்கிறது. இந்த வேறுபாட்டை மறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது.

ஆனால் மரபு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கு ஷிமோன் பென் ஷெத்தாக்கைப் பாருங்கள். கி.மு. முதல் நூற்றாண்டுக்காரர், கையால் உழைத்துப் பிழைத்தவர். அவர் பாடு குறையட்டும் என்று சீடர்கள் ஒரு கழுதையை வேற்று இனத்தவர் ஒருவரிடமிருந்து வாங்கிக் கொடுத்தார்கள். கழுதையோடு ஒரு முத்து தொங்கிக்கொண்டு வந்தது. இனி நீங்கள் உழைக்கவே வேண்டாம் என்று சீடர்கள் குதித்தார்கள். "விற்றவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. "போய்த் திருப்பிக் கொடுங்கள்." முத்தைத் திரும்பப் பெற்றவர், ஷிமோனின் கடவுள் வாழ்க என்றார். இப்படித் தம் நடத்தையால் கடவுளுக்குப் பெயர் தேடித் தருவதை கித்துஷ் ஹஷேம் என்பார்கள்.

யூதர்களே இதை மீறியதில்லையா?

மீறியிருக்கிறார்கள். 2008 மே மாதம் அயோவா மாநிலத்துப் போஸ்ட்வில்லில் இருந்த பெரிய கோஷர் (யூத உணவு விதிப்படியான) இறைச்சி ஆலையில் அமெரிக்க அரசு சோதனை நடத்தி 389 தொழிலாளர்களைக் கைது செய்தது. பெரும்பாலோர் ஆவணமில்லாத குடியேறிகள். அதன் நிர்வாகி பிறகு வங்கி மோசடிக்காகத் தண்டிக்கப்பட்டார். கத்தி சுத்தமாக இருந்தால் போதுமா, வெட்டுபவரின் கூலி சுத்தமாக இருக்க வேண்டாமா என்று யூதச் சமூகத்துக்குள் பெரிய விவாதம் எழுந்தது. மறுவருடம், தொழிலாளர்களைச் சரியாக நடத்தும் கோஷர் உணவகங்களுக்கு நேர்மை முத்திரை கொடுக்கும் இயக்கம் ஒன்றை இளைஞர்கள் தொடங்கினார்கள்.

தமிழோடு யூத வணிகத்துக்குத் தொடர்பு உண்டா?

உண்டு. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவி, யோசேப்பு ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழு உரிமையோடு பல்லக்கு, குடை, சுங்க விலக்கு உள்ளிட்டவற்றைக் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. அதைக் கொச்சி யூதர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். சென்னை ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு என்ற பெயர், மத்தியதரைக்கடல் பவளத்தைக் கொண்டுவந்து கோல்கொண்டா வைரம் வாங்கிப்போன யூத வணிகர்களின் நினைவு.

நான் யூதர் இல்லை, சிறு தொழில் நடத்துகிறேன். எங்கே தொடங்கலாம்?

ஷபாத், செடாக்கா எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடவுளின் பெயரைக் கெடுப்பது என்றால் என்ன என்று தல்மூத்தில் ஒரு விவாதம் வருகிறது. சுமைதூக்கிகளுக்குக் கூலி கொடுக்கச் சொன்ன அதே ராவ் அங்கே சொன்ன பதில்: "என்னைப் போன்ற ஒருவன் கசாப்புக் கடையில் இறைச்சி வாங்கிவிட்டு உடனே பணம் கொடுக்காமல் போவது."

ஆகவே பாக்கியிலிருந்து தொடங்குங்கள். இன்று சாயங்காலம் கல்லாவைப் பூட்டும் முன் கொடுக்க வேண்டிய பில்களை வெளியே எடுங்கள். பெரிய கம்பெனிகளின் பில்லை அவர்களே போன் போட்டு வசூலித்துக்கொள்வார்கள். அட்டைப்பெட்டி கொண்டுவருபவர், டீ கொண்டுவரும் பையனின் கடை, போன வாரம் மோட்டார் பழுதுபார்த்தவர் என்று கேட்கத் தயங்குகிறவர்களின் சீட்டுகளைத் தனியே பிரித்து, அவர்களுக்கு முதலில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.